பூமியிலிருந்து ரேடாரால் நிலவை வரைபடமாக்குதல்: முழுமையான வழிகாட்டி

நிலவுக்கு ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை ரேடியோ தொலைநோக்கியில் பதிந்து, அதை வரைபடமாக்கும் வேலையில் கணக்கைவிட வரிசைதான் ஆளைச் சோதிக்கும். புதிதாக வருபவர்கள் நேராக ஃபூரியர் மாற்றத்தில் (சிக்னலை அலைவெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போய் இறங்குவார்கள். படம் மங்கலாக வரும். உடனே சிக்னல் கணக்கில் தவறு தேடத் தொடங்குவார்கள். தவறு அங்கே இருப்பது அரிது. அந்த நேரத்தில் நிலவு எங்கே இருந்தது, எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்ற வடிவியல் கணக்கில்தான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே அமைப்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். புவேர்ட்டோ ரிக்கோவின் 305 மீட்டர் அரெசிபோ தொலைநோக்கி அலையை அனுப்பும். மேற்கு வர்ஜீனியாவின் 100 மீட்டர் கிரீன் பேங்க் தொலைநோக்கி வாங்கும். அலைநீளங்கள் இரண்டு: 12.6 செ.மீ. (2380 மெகாஹெர்ட்ஸ்), 70 செ.மீ. (430 மெகாஹெர்ட்ஸ்). அரெசிபோ 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. ஆனால் அதில் எடுத்த நிலவு வரைபடங்கள் நாசாவின் பிடிஎஸ் எனும் கோளியல் தரவுக் காப்பகத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. முறையும் எந்த நிலையத்துக்கும் பொருந்தும். தயாரான வரைபடத்தை வைத்து ஆய்வு செய்ய மட்டும் விரும்புபவர்கள் 2, 3, 10, 11, 12 ஆகிய பகுதிகளைப் படித்தால் போதும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பைத்தான் நிரல்மொழியும் அதன் நம்பை கணிதத் தொகுப்பும் போதும். நிலவின் இடத்தையும் திருப்பத்தையும் கணக்கிட நாசாவின் ஸ்பைஸ் நிரல்தொகுப்பும் அதற்குரிய கோள்நிலைக் கோப்புகளும் வேண்டும். உயர விவரத்துக்கு லோலா லேசர் மானியின் நிலவு உயர மாதிரி வேண்டும். வரைபடமாகத் திறந்து பார்க்க கியூஜிஐஎஸ் மென்பொருள்.

வட்டில் இடம் ஒதுக்குங்கள். நொடிக்கு 50 லட்சம் மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட் என்று வைத்தால், 1000 நொடிப் பதிவு ஒரு தளவிளைவுக்கு (அலை அதிரும் அல்லது சுழலும் போக்கு) 10 ஜிகாபைட் ஆகும். தளவிளைவுகள் இரண்டு. இடைநிலைக் கோப்புகள் இதைப் பல மடங்காக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பொய் நிலவைச் செய்துகொள்ளுங்கள். வழவழப்பான கோளம், அதன்மேல் தெரிந்த இடங்களில் ஐந்தாறு புள்ளிகள், அவ்வளவுதான். அவற்றின் எதிரொலியை நீங்களே உருவாக்கி, உங்கள் நிரலில் ஓட்டுங்கள். புள்ளிகள் போட்ட இடத்தில் திரும்பி வந்தால்தான் உண்மைப் பதிவைத் தொட வேண்டும். இதை நேர விரயம் என்று தாண்டிப்போனவர்கள் பின்னால் வாரக்கணக்கில் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மை நிலவில் எது பள்ளம், எது பிழை என்று சொல்ல ஆளில்லை.

2. வடிவியலை முதலில் முடித்துவிடுங்கள்

ரேடார் எந்தத் திசையிலிருந்து எதிரொலி வந்தது என்று நேரடியாகச் சொல்வதில்லை. எவ்வளவு தாமதமாக வந்தது, அலைவெண் எவ்வளவு மாறியிருந்தது என்ற இரண்டை மட்டுமே சொல்லும்.

தாமதம் சமமாக உள்ள இடங்கள், ரேடாருக்கு நேரே இருக்கும் புள்ளியைச் சுற்றி வட்டங்களாக அமையும். அந்தப் புள்ளியை இனி நேர்ப்புள்ளி என்கிறேன். நகர்வால் அலைவெண் மாறுவதே டாப்ளர் மாற்றம். அது சமமாக உள்ள இடங்கள், நிலவு நமக்குச் சுழல்வதுபோலத் தெரியும் அச்சுக்கு இணையான கோடுகள். வட்டமும் கோடும் வெட்டும் இடமே ஒரு படக்கட்டம்.

நிலவு நமக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது, பிறகு சுழற்சி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். லிப்ரேஷன் எனப்படும் நிலவின் மெல்லிய ஆட்டமும், பூமி சுழல்வதால் நாம் பார்க்கும் இடம் நகர்வதும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. நொடிக்குச் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ரேடியன், அவ்வளவு சிறிய சுழற்சி. அதன் அளவும் அச்சின் திசையும் நேரத்துக்கு நேரம் மாறும். அதனால் அதை மாறிலியாக எடுக்காமல், பதிவு முழுவதற்கும் சில நொடிகளுக்கு ஒருமுறை கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, ஒரு நிலையத்தை மட்டும் கணக்கில் எடுப்பது. அரெசிபோவுக்கும் கிரீன் பேங்குக்கும் இடைவெளி சுமார் 2,500 கி.மீ. நேர்ப்புள்ளி இரண்டு நிலையங்களின் திசைகளுக்கும் நடுவில் விழும். ஒன்றை மட்டும் வைத்தால் அது நிலவில் 5 கி.மீ. அளவுக்கு விலகிவிடும்.

இரண்டாவது, ஒளி போய்வரும் இரண்டரை நொடியை மறப்பது. அனுப்பிய நேரம், பட்டுத் திரும்பிய நேரம், வாங்கிய நேரம் மூன்றும் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நேரத்து இடத்தை எடுக்க வேண்டும்.

மூன்றாவது, நிலவின் ஆயச்சட்டத்தை (இடங்களை அளக்கும் அச்சு அமைப்பு) மாற்றி எடுப்பது. சராசரிப் பூமித்திசைச் சட்டம், முதன்மை அச்சுச் சட்டம் என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் இடையே மேற்பரப்பில் 800 மீட்டருக்கு மேல் வேறுபாடு. லோலா வரைபடங்கள் முதல் சட்டத்தில் இருப்பவை. 80 மீட்டர் பிரிதிறன் கொண்ட ரேடார் படத்தில் இது பத்துப் படக்கட்டம் தள்ளிப்போன மாதிரி. எல்லாப் பள்ளமும் ஒரே திசையில் ஒரே அளவு விலகி நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

3. எந்த நாள், எந்த இடம்

நேர்ப்புள்ளி வழியாக, தோற்றச் சுழற்சி அச்சுக்குச் செங்குத்தாகப் போகும் கோட்டை டாப்ளர் நடுக்கோடு என்போம். அதற்கு இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்போல அமைந்த இரண்டு புள்ளிகளுக்குத் தாமதமும் ஒன்றே, டாப்ளரும் ஒன்றே. வடக்கில் ஒரு பள்ளமும் தெற்கில் ஒரு பள்ளமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். எந்தக் கணக்காலும் பின்னால் பிரிக்க முடியாது. பதியும்போதே தவிர்க்க வேண்டும்.

தவிர்க்கும் வழி, தொலைநோக்கியின் அலைக்கற்றையை ஒரு பக்கம் குறிவைப்பது. அரெசிபோவின் கற்றை 12.6 செ.மீ. அலையில் சுமார் 2 ஆர்க்நிமிடம் (ஓர் ஆர்க்நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). நிலவில் அது 220 கி.மீ. அகலம். நிலவின் முழு அகலம் 30 ஆர்க்நிமிடத்துக்கு மேல் என்பதால் பிம்பப் பகுதி கற்றைக்கு வெளியே போய்விடும். 70 செ.மீ. அலையில் கற்றை 10 ஆர்க்நிமிடம். ஓர் அரைக்கோளத்தை விளக்கேற்றி மறு அரைக்கோளத்தை இருட்டாக்க அது போதும், நடுக்கோட்டுக்கு நெருங்கிப் போகாதவரை.

நடுக்கோட்டருகே இன்னொரு தொல்லையும் உண்டு. அங்கே தாமத வட்டமும் டாப்ளர் கோடும் ஒன்றையொன்று உரசியபடி போவதால் படக்கட்டம் நீண்டு சிதறும். உங்கள் இடம் அங்கே விழுந்தால் வேறு நாளைப் பாருங்கள். அச்சின் திசை மாறும், நடுக்கோடும் நகரும். அப்படியும் ஒழியாவிட்டால் இரண்டு வாங்கிகளை வைத்து, அவற்றில் வந்த அலைகளை ஒப்பிடும் குறுக்கீட்டு முறையில் பிரிக்கலாம். கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்தில் 3.5 செ.மீ. அலையை 70 மீட்டர் ஆன்டெனாவால் அனுப்பி, பல 34 மீட்டர் ஆன்டெனாக்களில் வாங்கி, நிலவின் துருவங்களின் உயர வரைபடத்தை இந்த வழியில்தான் எடுத்தார்கள், 1999இல் வெளிவந்தது.

துருவப் பகுதி வேண்டுமானால் லிப்ரேஷன் அந்தத் துருவத்தை நம் பக்கம் சாய்க்கும் நாளாகப் பாருங்கள். கிடைப்பது 6 டிகிரிக்குச் சற்று மேலான சாய்வுதான், ஆனால் ஓரத்தில் அதுவே எல்லாம். அரெசிபோவுக்குக் கூடுதலாக ஒரு கட்டு இருந்தது: வான நடுவரையிலிருந்து அளந்தால், ஏறத்தாழ மைனஸ் 1 முதல் பிளஸ் 38 டிகிரி வரைதான் அதனால் பார்க்க முடிந்தது. நிலவு அந்த வரம்புக்குள் வரும் நாள்களை முதலில் குறித்துக்கொண்டு, அதற்குள் லிப்ரேஷன் தேட வேண்டியிருந்தது. மாற்றிச் செய்தால் அட்டவணை வீண்.

4. அனுப்பும் குறியீடு

தொடர்ச்சியான அலையில் போலித் தற்செயல் குறியீட்டை (தற்செயல்போலத் தோன்றும், ஆனால் நமக்குத் தெரிந்த வரிசை) அலையின் கட்ட மாற்றமாக ஏற்றி அனுப்புவது வழக்கம். கட்டம் என்பது அலை தன் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கிறது என்பது. குறியீட்டின் ஒரு துண்டு நீடிக்கும் நேரமே தாமதப் பிரிதிறன்: 0.2 மைக்ரோநொடி என்றால் பார்வைக்கோட்டில் 30 மீட்டர், 3 மைக்ரோநொடி என்றால் 450 மீட்டர்.

குறியீட்டின் முழு நீளத்தை இரண்டு நிபந்தனைகள் இருபக்கமும் நெருக்குகின்றன. நிலவின் ஆரம் 1737.4 கி.மீ. என்பதால், நேர்ப்புள்ளியின் எதிரொலிக்கும் விளிம்பின் எதிரொலிக்கும் இடையே 11.6 மில்லிநொடி ஓடும். குறியீடு அதைவிடக் குறுகினால் விளிம்பும் நடுவும் ஒன்றின்மேல் ஒன்று மடியும். அதே சமயம், குறியீடு திரும்ப வரும் வேகம் நிலவின் டாப்ளர் அகலத்தைவிட (ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை அலைவெண் மாறும் அளவு) அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டாப்ளர் மடியும்.

12.6 செ.மீ. அலையில் டாப்ளர் அகலம் சுமார் 55 ஹெர்ட்ஸ், 70 செ.மீ. அலையில் சுமார் 10. 0.2 மைக்ரோநொடித் துண்டுகள் 65,535 கொண்ட குறியீட்டின் நீளம் 13.1 மில்லிநொடி, நொடிக்கு 76 முறை வரும். இரண்டு நிபந்தனையும் நிறைவேறுகின்றன. 3 மைக்ரோநொடித் துண்டென்றால் 4,095 போதும், 12.3 மில்லிநொடி ஆகும்.

அலைநீளம் குறையக் குறைய இந்த இடைவெளி மூடிக்கொள்ளும். கிரீன் பேங்கிலிருந்து 13.9 கிகாஹெர்ட்ஸில் 700 வாட் அளவு திறனுடன் அனுப்பி, விஎல்பிஏ எனும் ரேடியோ தொலைநோக்கி வலையமைப்பின் ஆன்டெனாக்களில் வாங்கி, டைக்கோ பள்ளத்தை 5 மீட்டர் அளவு பிரிதிறனில் படமாக்கியிருக்கிறார்கள். அந்த அலைவெண்ணில் முழு நிலவின் டாப்ளர் அகலம் 300 ஹெர்ட்ஸைத் தாண்டும், ஆகவே மேற்சொன்ன இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிற்காது. கற்றை குறுகி, நிலவில் 100 கி.மீ. அளவை மட்டும் பார்ப்பதால்தான் வேலை நடக்கிறது. குறியீட்டைத் தேர்வுசெய்யும்போது முழு நிலவையா, கற்றைக்குள் விழும் பகுதியை மட்டுமா கணக்கில் எடுக்கிறீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. பதிவு

அனுப்பும் நிலையத்திலேயே வாங்க நினைத்தால், இரண்டரை நொடி அனுப்பி இரண்டரை நொடி வாங்கி என்று மாறிமாறிச் செய்ய வேண்டும். தொடர்ச்சி அறுந்துவிடும். வாங்க வேறொரு நிலையம் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

இரு நிலையங்களிலும் ஹைட்ரஜன் மேசர் எனும் மிகத் துல்லியமான அணுக்கடிகாரம் வேண்டும். ஆயிரம் நொடி வரை அலையின் கட்டம் கலையாமல் இருக்க வேண்டும் என்பதால் இதில் சமரசம் கிடையாது.

அனுப்புவது வட்டத் தளவிளைவு. வாங்கும்போது வலச்சுழி, இடச்சுழி இரண்டையும் பதியுங்கள். வழவழப்பான பரப்பில் பட்டுத் திரும்பும் அலையின் சுழி மாறும். கற்குவியலில் பலமுறை பட்டுத் திரும்புவதில் இரண்டும் கலந்திருக்கும். எதிர்ச்சுழி, அதேசுழி என்று இரண்டு படங்கள் கிடைக்கும்.

பதிவு தொடங்கிய சில நிமிடத்திலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். நேர்ப்புள்ளி கற்றையில் இருக்குமாறு வைத்துப் பாருங்கள். அங்கே எதிர்ச்சுழி மிக வலுவாக இருக்க வேண்டும். அதேசுழி வலுவாக இருந்தால் கேபிள் மாறியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் வீட்டுக்குப் போனால், நிலவு முழுவதும் பனிக்கட்டி இருப்பதாகக் கண்டுபிடித்துவிடுவீர்கள் (ஏன் என்பது பகுதி 12இல்).

6. பூமி-நிலவு நகர்வை நீக்குதல்

அதிகம் பேர் விழும் குழி இது. நிலைய நகர்வையும் சேர்த்து, நிலவு நம்மை நோக்கியோ விலகியோ நொடிக்கு 300 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 12.6 செ.மீ. அலையில் அலைவெண் 4,700 ஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளிப்போகும். நமக்கு வேண்டிய நிலவின் டாப்ளர் அகலமோ 55 ஹெர்ட்ஸ். அதற்குள் பிரிக்க வேண்டிய அளவு ஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அலைவெண்ணை மட்டும் சரிசெய்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். அதே வேகத்தில் தாமதமும் நகர்கிறது. ஆயிரம் நொடியில் 2 மில்லிநொடி, அதாவது 0.2 மைக்ரோநொடித் துண்டுகள் 10,000. மாதிரிகளின் நேரத்தையும் சேர்த்து மறுமாதிரி எடுக்க வேண்டும். அலைவெண் திருத்தமும் நேரத் திருத்தமும் ஒரே தாமதப் பல்லுறுப்புக்கோவையிலிருந்து வர வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிச் சூத்திரம் எழுதினால் எங்காவது முரண்படும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, பதிவின் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் தனித்தனியாகத் தாமத வரைபடமாக்குங்கள். நேர்ப்புள்ளியின் முன்விளிம்பு இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

7. தாமதமும் டாப்ளரும்

ஒவ்வொரு குறியீட்டு நீளத்துக்கும் பதிவை மூலக் குறியீட்டோடு கோரிலேஷன் செய்யுங்கள், அதாவது நகர்த்தி நகர்த்தி எங்கே பொருந்துகிறது என்று பாருங்கள். ஒரு தாமத வரிசை கிடைக்கும். ஆயிரம் நொடியில் இப்படி 76,000 வரிசைகள். பிறகு ஒவ்வொரு தாமதத்துக்கும் வரிசைகளின் குறுக்கே ஃபூரியர் மாற்றம்.

வரிசையை நெடுவரிசையாக்கும் இடத்தில் கணினி திணறும். தாமதத்தைச் சிறு கட்டுகளாகப் பிரித்து, கட்டுக்கு ஒரு கோப்பாக எழுதுங்கள். கோரிலேஷனுக்கு முன் அலைவெண் திருத்தம் முடிந்திருக்க வேண்டும். திருத்தாத அலையில் குறியீடு பொருந்தவே பொருந்தாது. எதிரொலியே இல்லை என்று தோன்றும்.

8. குவியப்படுத்துதல்

டாப்ளர் திசைப் பிரிதிறனுக்கு எளிய கணக்கு: அலைநீளத்தை, தோற்றச் சுழற்சி வேகம், பதிவு நேரம் இரண்டின் பெருக்கலைப் போல இரு மடங்கால் வகுங்கள். 12.6 செ.மீ., 1000 நொடி என்றால் சுமார் 63 மீட்டர். 70 செ.மீ. என்றால் 350 மீட்டர். நேரத்தைக் கூட்டினால் பிரிதிறன் கூடும் என்று தோன்றும். கூடாது, ஓர் எல்லைக்குமேல் படம் கலங்கும்.

காரணம், அந்த ஆயிரம் நொடிக்குள் நிலவு ஆயிரத்தில் ஒரு பங்கு ரேடியன் திரும்பிவிடுகிறது. விளிம்பருகே அது 1.7 கி.மீ. நகர்வு. 30 மீட்டர் படக்கட்டத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட படக்கட்டங்களைத் தாண்டி அந்தப் புள்ளி ஓடியிருக்கும்.

இதற்குத் தீர்வு, நிலவைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தின் மையத்துக்கும் தாமதமும் அலையின் கட்டமும் எப்படி மாறின என்று கணக்கிட்டு, அதை நீக்கிவிட்டு ஃபூரியர் மாற்றம் செய்வது. சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? அதன் மூலையில் மிஞ்சும் நகர்வு அரைப் படக்கட்டத்துக்குள் இருக்கும்வரை. புதியவர்களுக்கு என் பரிந்துரை, முதலில் 20 கி.மீ. சதுரம் ஒன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நேரடியாகக் கூட்டிப் பாருங்கள். மெதுவாக ஓடும், ஆனால் தோராயம் எதுவும் இல்லை. வேகமான முறையின் விடையை அதோடு ஒப்பிடலாம்.

70 செ.மீ. அலையில் பூமியின் அயனிமண்டலமும் அலையின் கட்டத்தைக் கலைக்கும். வடிவியல் சரி, ஆனாலும் கூர்மை வரவில்லை என்றால், கூர்மையான சிறு பள்ளம் ஒன்றை வைத்துக் கட்டத்தைச் சிறிது சிறிதாக மாற்றிச் சரிசெய்யுங்கள். வடிவியல் சரியாகாமல் இதைச் செய்யாதீர்கள். படம் அழகாகிவிடும், இடம் தவறாகவே இருக்கும்.

9. இரைச்சல், பரப்பு, கற்றை

வரிசை முக்கியம்: முதலில் இரைச்சலைக் கழியுங்கள், பிறகு படக்கட்டத்தின் பரப்பால் வகுங்கள், பிறகு கற்றையின் வடிவத்தைத் திருத்துங்கள். மாற்றினால் ஓரங்களில் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

இரைச்சல் அளவை வேறெங்கும் தேட வேண்டாம். நிலவின் டாப்ளர் அகலத்துக்கு வெளியே உள்ள அலைவெண்களில் இருப்பது வெறும் இரைச்சல்தான்.

10. வரைபடத்தில் பதித்தல்

கோளம் என்று வைத்துப் பதித்தால் மலைகள் இடம் மாறும். 45 டிகிரி படுகோணத்தில் 1 கி.மீ. உயர மலை, நேர்ப்புள்ளியை நோக்கி 1 கி.மீ. நகர்ந்து விழும். படுகோணம் குறைந்தால் நகர்வு இன்னும் கூடும். லோலா உயரத்தைச் சேர்த்துத் தாமதத்தைக் கணக்கிடுங்கள்.

வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தாமதம், டாப்ளர் என்ன என்று கேட்டு அங்கிருந்து மதிப்பை எடுங்கள். எதிர்த்திசையில், ஒவ்வோர் எதிரொலியையும் வரைபடத்தில் கொண்டுபோய் வைத்தால் ஓட்டைகள் விழும்.

11. சராசரியும் சுழி விகிதமும்

ஒரே பார்வையில் எடுத்த படம் மணல் தூவியதுபோல இருக்கும். ஸ்பெக்கிள் எனப்படும் அந்தப் புள்ளிப்புள்ளியான இரைச்சலின் சிதறல் சராசரி அளவுக்கே பெரியது. பார்வைகளைக் கூட்டினால் அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும். வரைபடத்தில் பதித்த பிறகு, ஆற்றல் மதிப்பில் கூட்டுங்கள். டெசிபெல் மதிப்புகளைச் சராசரி எடுக்காதீர்கள். காப்பகக் கோப்பைப் பயன்படுத்துவோரும் லேபிளைப் படித்து எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துவிட்டே கணக்கைத் தொடங்க வேண்டும். 12.6 செ.மீ. வரைபடங்கள் புள்ளிக்கு 80 மீட்டர் அளவில் இருப்பவை.

அனுப்பிய சுழியிலேயே திரும்பிய அதேசுழியை, சுழி மாறித் திரும்பிய எதிர்ச்சுழியால் வகுத்தால் சுழி விகிதம். தனித்தனியே சராசரி எடுத்தபின் வகுக்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி வகுத்துவிட்டுச் சராசரி எடுத்தால் விகிதம் செயற்கையாக ஏறும். எதிர்ச்சுழி இரைச்சலோடு ஒட்டிய இடங்களை மறைத்துவிடுங்கள்.

12. படத்தை வாசிப்பது

இதில் வெளிச்சம் பூமியிலிருந்து வருகிறது. நேர்ப்புள்ளியைப் பார்த்த சரிவு பிரகாசம், முதுகு காட்டும் சரிவு இருட்டு. ஒளிப்படப் பழக்கத்தில் பார்த்தால் பள்ளம் மேடாகத் தெரியும். படத்தின் ஓரத்தில் நேர்ப்புள்ளியின் திசையை ஓர் அம்புக்குறியால் காட்டிவிடுங்கள்.

ரெகோலித் எனும் நிலவின் உலர்ந்த தூள்மண்ணுக்குள் ரேடார் அலை அலைநீளத்தைப் போலப் பல மடங்கு ஆழம் போகும். 70 செ.மீ. படம் புதைந்த கற்களையும் காட்டும்; 12.6 செ.மீ. அலை மேல் மட்டத்தோடு அதிகம் பேசும். டைட்டானியம் மிகுந்த மாரே எனப்படும் எரிமலைக் குழம்புச் சமவெளிகள் இருண்டு தெரிவதற்குக் காரணம் மென்மையல்ல; இல்மனைட் தாது அலையை உறிஞ்சுகிறது.

சுழி விகிதம் 1ஐத் தாண்டினால் பனிக்கட்டி என்று எழுதிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். இளம் பள்ளங்களைச் சுற்றிச் சிதறிய கற்குவியலும் அதே மதிப்பைத் தரும். 2006இல் வெளிவந்த, தென்துருவத்தின் 20 மீட்டர் பிரிதிறன் ஆய்வில், வெயில் படும் சரிவுகளிலும் நிரந்தர நிழலிலும் உயர்ந்த விகிதம் ஒரேமாதிரி இருந்தது. தடித்த பனிப்படலத்துக்கு அது சான்றில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். நீங்களும் முதலில் அதே விகிதம் வெயிலில் எங்கெங்கே வருகிறது என்று தேடுங்கள். பூமியிலிருந்து பார்க்க முடியாத பள்ளத் தரைகளுக்குச் சந்திரயான்-2 போன்ற சுற்றுக்கலங்களின் ரேடார் தரவைத்தான் நாட வேண்டும்.

வரைபடத்தைச் சேமிக்கும்போது அதே கோப்பிலேயே இவற்றையும் எழுதுங்கள்: பதிவு தொடங்கிய, முடிந்த நேரம், இரு நிலையங்கள், நேர்ப்புள்ளியின் ஆயங்கள், அலைநீளம், துண்டு நீளம், ஆயச்சட்டம், எத்தனை பார்வை, பயன்படுத்திய உயர மாதிரி, கோள்நிலைக் கோப்பின் பெயர்.